மெழுகு போன பஞ்சு

வீட்டில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்களேன். செடியிலிருந்து எடுத்து, கொட்டை நீக்கிய வெறும் பருத்திப் பஞ்சு கொஞ்சம். மருந்துக்கடையில் நீலக் காகிதம் சுற்றி விற்கிறார்களே, அந்தப் பஞ்சு கொஞ்சம். இரண்டையும் வாளித் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு மடமடவென்று தண்ணீரைக் குடித்து, சில விநாடிகளில் மூழ்கிவிடும். மற்றது? வாத்து மாதிரி ஜம்மென்று மிதந்துகொண்டிருக்கும்!

இரண்டும் பருத்திதான். வித்தியாசம் ஒரு மெழுகில் இருக்கிறது. பருத்தி இழை ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் பூச்சு உண்டு. நூறு கிராம் பஞ்சில் சுமார் ஒரு கிராம்தான் இருக்கும். ஆனால், ஈரம் உள்ளே இறங்காமல் அந்த ஒரு கிராம் பார்த்துக்கொள்கிறது. காரம் கலந்த தண்ணீரில் பஞ்சைக் கொதிக்கவைத்து அந்த மெழுகை எடுத்துவிட்டால், காவல் போய்விட்டது. எதிர்ப்பட்ட ஈரத்தையெல்லாம் பஞ்சு குடிக்க ஆரம்பித்துவிடும்.

இதையே தொழிலாகச் செய்கிற ஊர் நம்மிடம் இருக்கிறது. ராஜபாளையம் என்றதும் உங்களுக்கு நாய் ஞாபகம் வரும். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய நூல் மில்லும் சிலருக்கு ஞாபகம் வரலாம். அங்கிருந்து சத்திரப்பட்டி பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் காதைப் பிளக்கும். அங்கே பெயர் வாங்கியது வேட்டியோ சேலையோ இல்லை... பேண்டேஜ் துணி! தறியிலிருந்து இறங்கும் காடாத் துணி அப்படியே புண்ணுக்கு உதவாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து எடுத்த பிறகுதான் ரத்தத்தையும் சீழையும் உறிஞ்சும்.

ஐரோப்பாவிலேயே இது பழைய வித்தை இல்லை. அதுவரை கிழிந்த துணியைப் பிய்த்துப் புண்ணில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். விக்டர் ஃபான் புரூன்ஸ் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர்தான், கொழுப்பு நீக்கிய பஞ்சைக் கட்டுப்போடக் கொண்டுவந்தார். பால் ஹார்ட்மன் 1873-ல் அதை ஆலையில் தயாரிக்கத் தொடங்கினார். 1880-ல் பர்மிங்ஹாம் டாக்டர் கேம்ஜி, அந்தப் பஞ்சை இரண்டு வலைத்துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டினார்.

‘சரி, பஞ்சுக் கதை எனக்கு எதற்கு?’ என்கிறீர்களா? உங்கள் உடம்பிலும் அப்படி ஒரு மெழுகு இருக்கிறது. அதில் பாதிக்குப் பெயர் செராமைடு. இன்றைக்கு க்ரீம் டப்பாக்களில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அதே செராமைடுதான். இதன் கதை ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் முடியும். இரண்டுக்கும் நடுவே தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாம் கொஞ்சம் சுற்றிக்கொண்டு, லண்டன், அமெரிக்கா, டாக்கா வழியாகப் போகப் போகிறோம்!

*

லண்டனில் டூடிக்கம் என்றொரு டாக்டர் இருந்தார். பிறந்தது ஜெர்மனி. இறைச்சிக்கூடத்திலிருந்து மாட்டு மூளைகளை வாங்கிவந்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, மூளை எதனால் ஆனது என்று பல வருஷங்கள் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். அதில் ஒரு பொருள் மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. கொழுப்பு மாதிரியும் இருக்கிறது, கொழுப்பும் இல்லை. கிரேக்கக் கதையில் விடுகதை போட்டு வழிப்போக்கர்களைக் கொல்லும் ஸ்ஃபிங்க்ஸ் என்ற பெண்பூதம் வருமே, அதன் பெயரையே அந்தப் பொருளுக்கு வைத்துவிட்டார் - ஸ்ஃபிங்கோசின்! 1884-ல் புத்தகமும் போட்டார். அந்தக் காலத்து ரசாயன மேதைகள் அவரைக் கேலி செய்ததுதான் மிச்சம். 1901-ல் இறந்தபோதும் பெரிய மரியாதை கிடைக்கவில்லை.

அந்த ஸ்ஃபிங்கோசினோடு ஒரு கொழுப்பு அமிலத்தைக் கோத்தால் கிடைப்பதுதான் செராமைடு. மூளையில் தொடங்கிய விடுகதைக்குத் தோலில் ஒரு பெரிய விடை இருக்கிறது என்பது டூடிக்கத்துக்குத் தெரியாது.

முதல் துப்பு எலிகளிடமிருந்து வந்தது. 1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவன் மனைவி, எலிகளுக்குக் கொஞ்சம்கூடக் கொழுப்பே இல்லாத சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார்கள். எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது. வளர்ச்சி நின்றது. இன்னொரு வேடிக்கை - எலிகள் தண்ணீரை வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தன. ஆனால், சிறுநீர் கூடவில்லை. அப்படியானால் குடித்த தண்ணீர் எங்கே போகிறது? தோல் வழியாகக் கசிந்து காற்றில் போயிருக்கிறது! லினோலெயிக் அமிலம் கொடுத்ததும் எலிகள் தேறின. நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கு இருப்பது இந்த லினோலெயிக் அமிலம்தான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

*

நம் தோலின் மேற்பரப்பில் பத்துப் பதினைந்து அடுக்குக்குச் செத்த செல்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தும் தலைமுடியின் தடிமன்கூட வராது. உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் கூடுதல். இந்தச் செத்த படலத்தை வெகுகாலம் யாரும் மதிக்கவில்லை. மைக்ரோஸ்கோப்பில் அது பிய்ந்த கூடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. காரணம் என்ன தெரியுமா? தோலைக் கண்ணாடித் தகட்டில் வைக்கத் தயார் செய்யும்போது கரைப்பான்களில் முக்குவார்கள். அதிலேயே கொழுப்பெல்லாம் கரைந்து போய்விடும். சத்திரப்பட்டித் துணிக்கு நடப்பது மாதிரியேதான்! மெழுகைக் கழுவிவிட்டு, ‘இதில் ஒன்றுமே இல்லையே’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1952-ல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்கர் ஒரு எளிய காரியம் செய்தார். காலில் காய்ப்புக் காய்த்திருக்குமே, அந்தத் தோல் துண்டு ஒன்றை எடுத்து உலரவிட்டார். அது அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாக ஆனது. எண்ணெயில் ஊறவைத்தார் - அப்போதும் மொறுமொறுப்புதான்! தண்ணீரில் போட்டதும் மெத்தென்று ஆகிவிட்டது. ஆக, தோலை மிருதுவாக்குவது எண்ணெய் இல்லை, தண்ணீர். எண்ணெயின் வேலை, அந்தத் தண்ணீர் ஓடிப்போகாமல் கதவைச் சாத்துவது.

இந்தச் செத்த படலம் வெறும் குப்பையில்லை, உறுதியான தடுப்பு என்று அறுபதுகளில் அடித்துச் சொன்னவர் ஆல்பர்ட் க்ளிக்மன். பெரிய விஞ்ஞானி. ஆனால், அவர் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1951 முதல் 1974 வரை, ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில், பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளின் தோலில் அவர் பரிசோதனைகள் நடத்தினார். தங்கள் உடம்பில் என்ன பூசப்படுகிறது, என்ன ஆகும் என்பது அவர்களுக்கு முழுசாகச் சொல்லப்படவில்லை. சில டாலர்கள் கூலி. தழும்பு ஆயுளுக்கும்! 2022-ல்தான் அந்த நகரம் மன்னிப்புக் கேட்டது. தோலைப் பற்றி நாம் தெரிந்துகொண்டவற்றில் ஒரு பகுதிக்கான விலையை யாரோ கொடுத்திருக்கிறார்கள். க்ரீம் டப்பாவில் அதை எழுதுவதில்லை.

பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவில் பீட்டர் எலியஸ், 1983 வாக்கில் ஒரு கொத்தனார் பாஷையில் எல்லாவற்றையும் விளங்கவைத்தார். செத்த செல்கள் செங்கல். நடுவே இருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் சாந்தில் எடைக்கு எடை பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். அதே சமயம் அயோவாவில் வெர்ட்ஸ், டௌனிங் இருவரும் பன்றித் தோலை ஆராய்ந்தபோது, ஒருவகைச் செராமைடின் நுனியில் லினோலெயிக் அமிலம் தொங்குவதைக் கண்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய எலிகளின் தாகம் அப்போதுதான் புரிந்தது. லினோலெயிக் இல்லாவிட்டால் அந்தச் செராமைடு சரியாக அமையாது. சாந்து ஒழுகும்.

1991-ல் ஜப்பானில் இமோகாவா குழுவினர், கரப்பான் உள்ளவர்களின் தோலில் செராமைடு குறைந்திருப்பதைக் காட்டினார்கள். புண் இல்லாத இடத்தில்கூடக் குறைவு! கரப்பானுக்குச் ‘சூட்டு உடம்பு’, ‘கெட்ட ரத்தம்’ என்று பழிபோட்டுக்கொண்டிருந்த உலகத்துக்கு இது பெரிய சேதி. செராமைடு க்ரீம் கம்பெனிகளும் களம் இறங்கின. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செராமைடை மட்டும் தனியாகப் பூசினால், பழுதான தோல் சீராவது தாமதமாகிறது என்று எலியஸ் குழுவே தொண்ணூறுகளில் கண்டது. மூன்றும் சேர்ந்தால்தான் சாந்து. எனவே, டப்பாவின் முன்பக்கப் பெயரில் மயங்காமல், பின்பக்கத்தில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

*

இப்போது டாக்கா. இந்தக் கதையில் என்னை உலுக்கிய இடம் இதுதான்.

ஏழாம் மாதம், எட்டாம் மாதம் பிறந்துவிடும் குழந்தைகளுக்குத் தோலின் சாந்து இன்னும் பூசி முடிந்திருக்காது. சுவர் எழும்பும் முன்பே குடிவந்த வீடு! தண்ணீர் வெளியே போகும், கிருமி உள்ளே வரும். டாக்கா சிசு மருத்துவமனையில் 1998 முதல் 2003 வரை, 33 வாரத்துக்கு முன்பே பிறந்த 497 குழந்தைகளை வைத்து டார்ம்ஸ்டாட் என்ற அமெரிக்க டாக்டரும் வங்காளதேசத்து டாக்டர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு, லினோலெயிக் அமிலம் நிறைந்த சூரியகாந்தி எண்ணெயை உடம்பில் மெதுவாகத் தடவினார்கள். எண்ணெய் தடவாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமி நோய் 41 சதவிகிதம் குறைவு. 2005-ல் இது வெளிவந்தது. மரணமும் 26 சதவிகிதம் குறைந்தது என்று 2008-ல் எழுதினார்கள்.

யோசித்துப் பாருங்கள். கடையில் கிடைக்கிற எண்ணெய். இன்குபேட்டருக்கே வரிசையில் நிற்கிற ஏழை நாட்டு ஆஸ்பத்திரி. பிழைத்தவை நிஜக் குழந்தைகள்!

உடனே ‘எந்த எண்ணெயானாலும் சரி’ என்று கிளம்பிவிடாதீர்கள். அதே டார்ம்ஸ்டாட் குழுவினர் சுண்டெலிகளின் தோலில் சோதித்தபோது, வட இந்தியாவில் பாட்டிகள் காலங்காலமாகத் தேய்த்துவரும் கடுகெண்ணெய், தோல் சீராவதைத் தாமதப்படுத்தியது. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைக் கெடுப்பதாக 2013-ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. க்ரீமும் சர்வரோக நிவாரணி இல்லை. 2020-ல் பிரிட்டனில் சுமார் 1,400 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், முதல் வருஷம் முழுக்கத் தினமும் க்ரீம் பூசியும், கரப்பான் வருவதைத் தடுக்க முடியவில்லை. வந்த பிறகு ஆற்ற உதவும், அவ்வளவுதான். பாட்டி சொன்னாலும் சரி, விளம்பரம் சொன்னாலும் சரி... சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

*

இதோ, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது!

மார்கழி நீராட்டு உற்சவத்தில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு நடக்கும். அதற்கென்றே திருமுக்குளக் கரையில் மண்டபம். நல்லெண்ணெயில் மூலிகைகள் சேர்த்து நாள்கணக்கில் காய்ச்சிய தைலம். வெளியே பனி கொட்டும் மாதம், உதடும் குதிகாலும் வெடிக்கிற மாதம். ‘பார்த்தீர்களா, நம் முன்னோர்களுக்கு அப்போதே செராமைடு தெரியும்’ என்று சொல்லப் போகிறேன் என நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அவர்களுக்குத் தெரியாது. லினோலெயிக் கணக்கும் தெரியாது. ஆனால், பெயர் வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் நிற்கிறார்கள். அலங்காரம் என்று சொல்லவில்லை, பூச்சு என்று சொல்லவில்லை. காப்பு! காவல் காக்கிற பொருள். 1983-ல் கொத்தனார் பாஷையில் விளக்க வேண்டியிருந்த வேலையை ஒரே சொல் சொல்லிவிட்டது.

அந்தக் காப்பை நாம் தினமும் என்ன செய்கிறோம்? ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. செராமைடைத் தயாரிக்கும் என்சைம்களுக்கு அந்த அமிலம் வேண்டும். நாம் தேய்க்கிற சாதாரண சோப்போ காரம். கொதிக்கிற வெந்நீர், நுரை பொங்க மூன்று தடவை சோப்பு, அப்புறம் நார் வேறு! ‘தேய்ச்சது போதும்டா, தோலு காஞ்சு வெள்ளவெள்ளையாப் போயிரும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் கத்துவதில் நியாயம் இருக்கிறது. காடாத் துணிக்குச் சத்திரப்பட்டியில் நடக்கிற வேலையை நாம் பாத்ரூமில் நமக்கே செய்துகொள்கிறோம்.

வழி சுலபம்தான். வெதுவெதுப்பான தண்ணீர். அக்குள், கால் என்று வேண்டிய இடத்துக்கு மட்டும் சோப்பு. துவட்டிய ஈரம் முழுசாகக் காயும் முன்பே எண்ணெயோ, க்ரீமோ, விலை மலிவான வாசலினோ பூசுவது. பிளாங்க் சொன்னதுதான் - தண்ணீர் உள்ளே இருக்கும்போதே கதவைச் சாத்திவிட வேண்டும். கரப்பான், விடாத அரிப்பு என்றால் தோல் டாக்டர். பச்சைக் குழந்தை, அதுவும் குறைமாதக் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவக்கூடாது. டாக்காவில் செய்தது ஆஸ்பத்திரிக்குள்ளே, டாக்டர்கள் கண்ணெதிரே!

பஞ்சு தன் மெழுகை இழந்தால் ஊரார் புண்ணை ஆற்றும் பேண்டேஜ் ஆகிறது. நாம் இழந்தால், அந்த பேண்டேஜைத் தேடி மருந்துக்கடைக்குப் போக வேண்டியதுதான். நாளைக்குக் குளிக்கப் போகும்போது, வாளியில் மிதந்த அந்த வெறும் பஞ்சைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.