அழித்த கோப்பின் கதை

கணினியில் ஒரு கோப்பை அழிக்கும்போது உண்மையில் அழிவது யாது? 1980களில் மேசைக் கணினிகளில் வழங்கிய எம்எஸ்-டாஸ் முறையில், பட்டியலிலுள்ள கோப்புப் பெயரின் முதலெழுத்து மாற்றப்பட்டு, அதன் இடம் வெற்றிடமெனக் குறிக்கப்பட்டது, அவ்வளவே. எழுதிய விஷயமோ தட்டில் அப்படியே கிடந்தது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்கரான பீட்டர் நோர்ட்டன், தாம் தவறுதலாக அழித்த கோப்பொன்றை மீளத் தட்டச்சுச் செய்ய மனமின்றி, அதனை மீட்கும் நிரலொன்றை இயற்றினார். சோம்பலும் சில வேளை நன்மை பயக்கும் போலும்! 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசாவின் திரையில் குப்பைக்கூடையே இருந்தது. விண்டோஸுக்கு அத்தகைய கூடை 1995இலேயே வந்தது. ஆயினும் வெற்றிடமெனக் குறித்த இடத்தில் புதிய கோப்பு எழுதப்பட்டுவிட்டால், பழையதை நோர்ட்டனின் நிரலாலும் மீட்க இயலாது. ஆதலின் கோப்பை இழந்தவர் முதலிற் செய்யவேண்டியது, அத்தட்டில் வேறெதனையும் எழுதாதிருத்தலே.