வால்வுக்குக் கட்டளையிடும் தண்டு



பட்டறைப் பக்கம் போய்வரும் இளைஞர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். “கேம் ஒன்றை மாற்றிவிட்டால் போதும், வண்டி பறக்கும்” என்பார்கள். அவர்கள் சொல்லும் வண்டி பந்தயக் கார் அல்ல. வாரநாளில் மூட்டை ஏற்றி, மேட்டுப் பாதையில் ஏறி இறங்கிக் குடும்பத்துக்குச் சோறு போடும் சிறிய நான்கு சிலிண்டர் பிக்கப். மாதா மாதம் மிச்சம் பிடித்த பணத்தை அதில் போடுவதற்கு முன்னால், அந்தக் ‘கேம்’ என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, ஏன் ஒரு வண்டிக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை என்று தெரிந்துகொள்வது நல்லதல்லவா? அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கதை எஞ்சினில் தொடங்கவில்லை, உலக்கையில் தொடங்குகிறது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன், சீனாவில் ஹான் மன்னர்கள் ஆண்ட காலத்தில், தானியம் குத்தும் உலக்கையைத் தண்ணீரின் பலத்தால் தூக்கும் வழியைக் கண்டார்கள். ஓடும் நீரில் சுழலும் சக்கரத்தோடு நீண்ட மரத்தண்டு ஒன்றை இணைத்தார்கள். அந்தத் தண்டில் ஆங்காங்கே முளைக்கட்டைகளைப் பதித்தார்கள். தண்டு சுழலும்போது ஒரு முளை வந்து உலக்கைக் கட்டையின் வால்பக்கத்தை அழுத்தும். தலைப்பக்கம் மேலே எழும். முளை விலகியதும் உலக்கை தொப்பென்று விழும். சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றும் இந்த முளைதான் கேம். முளைகளைத் தாங்கிய தண்டுதான் கேம்ஷாப்ட். 1206ஆம் ஆண்டில் அல் ஜஸாரி என்ற அறிஞர் எழுதி முடித்த இயந்திர நூலிலும் இத்தகைய தண்டுகள் இடம்பெற்றன. ஐரோப்பாவில் துணி துவைக்கும் ஆலைகளிலும் இரும்படிக்கும் கொல்லர் உலைகளிலும் இதே முளைத்தண்டு சம்மட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

1876இல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உறிஞ்சுதல், அதை அமுக்குதல், எரித்துப் பலம் பெறுதல், புகையை வெளியேற்றுதல் என்பவையே அந்த நான்கு வீச்சுகள். கலவை உள்ளே வர ஒரு வால்வு. புகை வெளியே போக ஒரு வால்வு. எது எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று கட்டளையிடும் வேலை முளைத்தண்டுக்கு வந்து சேர்ந்தது. எஞ்சினின் கிராங் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். நிமிடத்துக்கு 4800 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 40 முறை திறந்து மூடுகிறது.

தொடக்க காலத்தில் பல எஞ்சின்களில் புகை போகும் வால்வுக்கு மட்டுமே கேம் இருந்தது. கலவை வரும் வால்வு, பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலால் தானே திறந்துகொண்டது. மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு அது போதும். வேகம் கூடியபோது அந்த வால்வு ஈடுகொடுக்கவில்லை. 1901இல் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில், உள்ளே விடும் வால்வுக்கும் கேம் வைக்கப்பட்டது.

அடுத்த பாடம் 1912இல் பிரான்சில் கிடைத்தது. தியெப் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் பியஜோ கார் ஒன்று கலந்துகொண்டது. அதன் எஞ்சின் 7.6 லிட்டர். எதிர்த்து நின்ற பியட் காரின் எஞ்சினோ 14 லிட்டருக்கும் மேல். ஆனால் பியஜோவில் சிலிண்டர் தலைக்கு மேலேயே இரண்டு கேம்ஷாப்டுகளும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகளும் இருந்தன. ஜார்ஜ் புவாலோ ஓட்டிய அந்தச் சிறிய எஞ்சின் வென்றது. எஞ்சினின் பலம் அதன் உடல் பருமனில் மட்டும் இல்லை, அது மூச்சு விடும் விதத்திலும் இருக்கிறது என்பதை உலகம் கண்டது.

இந்தக் கலையைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவரின் வரலாறு நமக்குப் பிடிக்கும். எட் இஸ்கெண்டேரியன் 1921இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஆர்மீனிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். திராட்சைத் தோட்டத்தை நம்பியிருந்த குடும்பம் அது. உறைபனியால் கொடிகள் பட்டுப்போகவே, குடும்பம் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பட்டறையில் தொழில் பழகிய அந்த இளைஞர், இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியதும் தம் பழைய போர்ட் காருக்கு வேகமான கேம் ஒன்று வேண்டுமென்று கேட்டார். அப்போது அதற்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ‘நாமே செய்தால் என்ன?’ என்று எண்ணி, பயன்படுத்திய சாணை இயந்திரம் ஒன்றை வாங்கிக் கேம் தீட்டுவதற்கு ஏற்ப மாற்றியமைத்தார். அவருடைய பெயரில் அமைந்த நிறுவனம் பின்னர் உலகமெங்கும் அறியப்பட்டது.

அவரைப் போன்றவர்கள் அந்த முளையில் எதை மாற்றினார்கள்? முக்கியமாக மூன்றை. வால்வு எவ்வளவு உயரம் எழுகிறது என்பது ஒன்று. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது இரண்டு. இதைக் கிராங் தண்டு சுழலும் பாகைக் கணக்கில் சொல்வார்கள். உள்வால்வும் வெளிவால்வும் ஒரே சமயத்தில் எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன என்பது மூன்று.

நீண்ட நேரம் திறந்துவைத்தால் ஏன் பலம் கூடுகிறது? படக்கொட்டகை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஓடிவந்து நெருக்கும்போது, உள்ளே இடம் குறைந்துவந்தாலும் பின்னால் வருகிறவர்களின் வேகம் இன்னும் சிலரை உள்ளே தள்ளிவிடும். அப்படியே எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, பிஸ்டன் கீழே போய் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் கலவை தன் வேகத்தால் உள்ளே வந்துகொண்டிருக்கும். அப்போது வால்வு தாமதமாக மூடுவது இலாபம். ஆனால் கூட்டம் மெல்ல வரும்போது வாசலை நெடுநேரம் திறந்துவைத்தால், உள்ளே வந்தவர்களும் திரும்பி வெளியே போய்விடுவார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது நேர்வது இதுதான். உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியை மேலேறும் பிஸ்டன் வெளியே தள்ளிவிடுகிறது. இழுவை குறைகிறது, நின்ற நிலையில் எஞ்சின் தடதடக்கிறது, பெட்ரோலும் வீணாகிறது. உயர்ந்த வேகத்தில் பெற்றதைத் தாழ்ந்த வேகத்தில் கொடுத்தாக வேண்டும்.

இப்போது பிக்கப்புக்கு வருவோம். டொயோட்டா நிறுவனத்தின் 22ஆர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1981 முதல் ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் வந்த இந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவு 2366 கன செண்டிமீட்டர். தலைக்கு மேலே ஒரே கேம்ஷாப்ட், அதைச் சங்கிலி சுழற்றுகிறது, வால்வுகள் எட்டு. இதன் கார்புரேட்டர் வகையில் குதிரைத்திறன் உச்சத்தைத் தொடுவது ஏறத்தாழ 4800 சுற்றில். ஆனால் இழுவிசை உச்சத்தைத் தொடுவதோ ஏறத்தாழ 2800 சுற்றிலேயே. இது தற்செயல் அல்ல. சுமை ஏற்றிய வண்டி மேட்டில் கிளம்பும்போது எஞ்சின் எந்தச் சுற்றில் இருக்குமோ, அந்த இடத்தில் பலத்தை வைத்தார்கள். பந்தயக் கேமைப் பூட்டும்போது அந்தப் பலத்தை அங்கிருந்து பிடுங்கி, அந்த வண்டி அபூர்வமாகவே போகும் உயரத்தில் வைக்கிறோம்.

அப்படியானால் கேமே மாற்றக் கூடாதா? மாற்றலாம். ‘எது பெரியது?’ என்று கேட்காமல், ‘என் வண்டி நாள் முழுவதும் எந்தச் சுற்றில் உழைக்கிறது?’ என்று கேட்க வேண்டும். பொதுவாக, விளம்பரக் கணக்கில் 260 பாகையை ஒட்டிய கேம் மிதமானது. சுமை வண்டிக்கு ஒத்துப்போகும். 280ஐ ஒட்டியது சுமையில்லாமல் ஓடும் வண்டிக்கு. 300ஐ நெருங்கினால் அது பந்தயத் திடலுக்கு. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வால்வு எவ்வளவு எழுந்த பிறகு எண்ணத் தொடங்குவது என்பதில் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு கணக்கு. ஆகவே இருவருடைய எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரே அளவில் எடுத்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேமின் விலையோடு செலவும் முடிவதில்லை. வால்வு அதிகம் எழுந்தால் அதற்கேற்ற ஸ்பிரிங் வேண்டும். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கும். கேமை உரசி ஓடும் ராக்கர் கைகள் தேய்ந்திருந்தால், புதுக் கேமைக் கொஞ்ச நாளில் தின்றுவிடும். கார்புரேட்டரும் புகைக்குழாயும் பழையபடியே அடைத்துக்கொண்டிருந்தால், வாசலை அகலத் திறந்து என்ன பயன்?

இரண்டு வேகத்துக்கும் ஒரே முளை பொருந்தாது என்பதைப் பெரிய நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. 1989இல் ஹோண்டா நிறுவனம் இன்டெக்ரா காரில், ஒரே தண்டில் மென்மையான முளையையும் வேகமான முளையையும் சேர்த்து வைத்தது. சுற்று உயரும்போது எண்ணெயின் அழுத்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடும். ஒரு முளையால் முடியாததை இரண்டு முளைகளால் முடித்தார்கள்.

நேயர்களே, ஆற்றோரத்து உலக்கையைத் தூக்கிய முளை, தானியத்தின் தேவைக்கு ஏற்பச் செதுக்கப்பட்டது. எஞ்சினின் முளையும் அப்படித்தான் இருக்க வேண்டும். பட்டறைக்குப் போகும் உங்கள் பிள்ளை கேம் வாங்கப் பணம் கேட்டால், “வண்டி எதற்கு ஓடுகிறது?” என்று முதலில் கேளுங்கள். அதற்குச் சரியான பதில் அவனிடம் இருந்தால், சரியான கேமும் அவனுக்குக் கிடைக்கும்.