அமெரிக்கப் பாலையில் குளிர்காலக் குடித்தனம்

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனாவிலும் தென்கிழக்குக் கலிபோர்னியாவிலும் பரந்துகிடக்கும் சொனோரா, மொஹாவி பாலைநிலங்கள் ஆண்டில் பாதி நாள் ஆளரவம் குறைந்தும் மறுபாதி நிறைந்தும் இருக்கின்றன. வட மாநிலங்களிலும் கனடாவிலும் பனி தொடங்கும்போது, ஓய்வுபெற்றவர்கள் மோட்டார்ஹோம் எனப்படும் சக்கர வீடுகளில் தெற்கே இறங்குகிறார்கள். ஏப்ரலில் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறார்கள். சிலர் அரசு நிலத்தில் தங்குகிறார்கள். சிலர் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டாத தங்கள் சொந்த மனைக்கே ஆண்டுதோறும் வருகிறார்கள். கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள குவார்ட்ஸைட் ஊரில் ஜனவரிப் பகலின் வெப்பம் சுமார் 20 டிகிரி செல்சியஸ். ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். இந்த வழக்கத்தைத் தூண்டியது தட்பவெப்பம் என்றாலும், அதற்கு உருவம் கொடுத்தவை நிலச் சட்டங்களும் வண்டியின் வளர்ச்சியும்தான்.

1862-இன் குடியேற்றச் சட்டம், நிலத்தில் குடியிருந்து பயிர்செய்தவருக்கு 160 ஏக்கர் அளித்தது. மழை குறைந்த மேற்கில் அது போதாது என்று, 1877-இன் பாலைநிலச் சட்டம் பாசனம் செய்வோருக்கு 640 ஏக்கர் வரை விற்றது. இரண்டுமே உழவரை மனத்தில் வைத்தவை. பாசனத்துக்கு வழியே இல்லாத நிலம் யாரும் கேளாமல் அரசிடமே தங்கியது.

அந்த நிலத்துக்கு வேறொரு பயனை முதலில் காட்டியவர்கள் நோயாளிகள். முதல் உலகப் போரில் நச்சுவாயுவால் நுரையீரல் கெட்ட வீரர்களை, 1920களில் பாசடீனா நகர மருத்துவர் ஜேம்ஸ் லக்கி, மொஹாவியின் தென்விளிம்பிலுள்ள ட்வென்டிநைன் பாம்ஸுக்கு அனுப்பினார். உலர்ந்த காற்றும் நீரூற்றும் அவர் அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள்.

1938-இல் வந்த சிறு நிலச் சட்டம் உழவையே கணக்கிலிருந்து நீக்கியது. உடல்நலத்துக்காகவோ ஓய்வுக்காகவோ ஐந்து ஏக்கர் வரை குத்தகைக்கு எடுக்கலாம். குறித்த காலத்துக்குள் சிறு வீடொன்று கட்டினால் பின்னர் விலைக்கும் வாங்கலாம். சாலை, தண்ணீர், மின்சாரம் எதையும் தர அரசு பொறுப்பேற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து மக்கள் இதை நாடினர். ட்வென்டிநைன் பாம்ஸ், வொண்டர் வேலி வட்டாரங்களில் ஒற்றை அறை வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. தண்ணீரை லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்ததால், பெரும்பாலானவை வார இறுதிக்கும் குளிர்காலத்துக்குமே பயன்பட்டன. பிற்காலத்தில் பல கைவிடப்பட்டுச் சிதைந்தன. 1976-இன் கூட்டாட்சி நிலக் கொள்கைச் சட்டம் இந்தத் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஐந்து ஏக்கர் மனைகள் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

இதற்கிடையே வண்டி தனியே வளர்ந்துவந்தது. 1910-இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் பின்னிருக்கை படுக்கையாக விரியும் கார் ஒன்றை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது, அது செல்வந்தருக்கானது. 1930களில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள் பரவின. மிச்சிகனைச் சேர்ந்த ரே ஃபிராங்க் 1958-இல் தன் குடும்பத்துக்காக எஞ்சினும் வீடும் ஒன்றான வண்டியைக் கட்டினார். 1960களின் தொடக்கத்தில் டாட்ஜ் அடிச்சட்டத்தின்மேல் அதை விற்பனைக்கும் செய்தார். 1966-இல் அயோவாவின் வின்னபேகோ நிறுவனம் தொழிற்சாலை வரிசை முறையில் மலிவாகச் செய்யத் தொடங்கிய பிறகே நடுத்தர வர்க்கத்தின் கைக்கு மோட்டார்ஹோம் எட்டியது. 1935-இல் சட்டமான முதுமைக்கால ஓய்வூதியமும், 1956-இல் தொடங்கிய தேசிய நெடுஞ்சாலைத் திட்டமும் அதற்குத் துணைநின்றன.

பாலையில் தங்க வண்டிக்குத் தன்னிறைவு வேண்டும். சுவீடனின் பிளாட்டன், மண்டர்ஸ் இருவரும் 1922-இல் உருவாக்கிய, சூட்டினால் இயங்கும் குளிர்பெட்டி முறையே எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டியாக வண்டிக்குள் வந்தது. நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளியலறை, சமையலறைக் கழிவுநீருக்கு ஒன்று, மலக்கழிவுக்கு ஒன்று என மூன்று தொட்டிகள் அமைந்தன. விளக்கும் நீரேற்றியும் 12 வோல்ட் பேட்டரியில் இயங்கின. அந்தப் பேட்டரியை நிரப்ப இரைச்சலிடும் ஜெனரேட்டரே வழியாக இருந்தது. சூரியத் தகடு மலிந்தபின் அந்தத் தேவை பெரிதும் குறைந்தது. மேகம் அரிதான குளிர்காலப் பாலை அதற்கு உகந்த இடம்.

இந்தக் குளிர்கால வருகையின் நடுவிடம் குவார்ட்ஸைட். 19-ஆம் நூற்றாண்டில் டைசன் கிணறுகள் என்ற பெயரில் குதிரைவண்டிகள் தண்ணீருக்கு நின்ற இடம் அது. 1967-இல் அங்கே தொடங்கிய கனிமக் கற்கள் கண்காட்சி, கல் சேகரிப்போரையும் வியாபாரிகளையும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஈர்த்தது. 2020 கணக்கெடுப்பில் சுமார் 2,400 பேரே வாழ்ந்த ஊரைச் சுற்றிக் குளிர்காலத்தில் வண்டிகள் பல்லாயிரக்கணக்கில் கூடுகின்றன. கலிபோர்னியாவின் ஸ்லாப் சிட்டி வேறுவகை. 1942-இல் அமைந்த மரைன் படை முகாமொன்று அகற்றப்பட்டபின் எஞ்சிய கான்கிரீட் தளங்களில், விதியோ கட்டணமோ இல்லாமல் வண்டிகள் நிற்கத் தொடங்கின.

பொது நிலத்தை நிர்வகிக்கும் நில மேலாண்மைச் செயலகம், ஒரே இடத்தில் 14 நாளுக்குமேல் தங்குவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் நிற்பவர்கள் பெருகியதால், 1983-இல் அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் நீண்டகாலத் தங்கலுக்கெனத் தனிப் பகுதிகளை அது வகுத்தது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே கட்டணத்தில் தங்கலாம். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கேயுள்ள லா போசா பகுதி 11,400 ஏக்கர். அங்கே தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலிசெய்யவும் வசதி உண்டு.

சொந்த மனைக்காரருக்குக் கட்டுப்பாடு வேறுவிதம். தன் நிலத்திலேயே வண்டியில் வசிப்பதற்குப் பல மாவட்டங்கள் அனுமதிச் சீட்டும் கழிவுநீர்த் தொட்டியும் கேட்கின்றன. கனடியர்களின் தங்கலை அவர்கள் நாட்டு விதிகளும் அளவிடுகின்றன: ஒன்டாரியோவின் மருத்துவக் காப்பீட்டை இழக்காமலிருக்க, 12 மாதத்தில் 153 நாளாவது அந்த மாநிலத்தில் இருந்தாக வேண்டும்.

மனைக்குத் திரும்பும்போது செய்யும் வேலைகள், அது பூட்டிக் கிடந்த கோடைக்காலத்தையொட்டியே அமைகின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் இடிமழை மணலோடைகளைப் பெருக்கெடுக்கவைத்து மண்பாதையை அரித்துவிடும். ஆகவே கனமான வண்டியை உள்ளே விடுமுன் பாதையை நடந்து பார்ப்பார்கள். மனையில் விட்டுச்சென்ற எந்திரங்களில் காட்டெலிகள் கூடுகட்டி மின்கம்பிகளைக் கடித்திருக்கும். வெப்பத்தில் கிடந்த ஈயப் பேட்டரிகள் வலுவிழந்திருக்கும். வெளிச்சம் புகும் தொட்டியில் வடியாமல் மிஞ்சிய தண்ணீரில் பாசி படிந்திருக்கும். இவற்றைச் சரிசெய்து, தகடுகளைத் துடைத்து, தண்ணீர் நிரப்பியபின் குடித்தனம் தொடங்கும். ஏப்ரலில் இதே வேலைகள் தலைகீழாக நடக்கும்: தொட்டியையும் குழாய்களையும் வடித்து, எரிவாயுவை அடைத்து, எலி புகும் இடுக்குகளை மூடிவிட்டு வண்டி வடக்கே கிளம்பும். நிலத்தைப் பெற அங்கே வீடு கட்டியாக வேண்டும் என்று 1938-இன் சட்டம் வைத்த நிபந்தனைக்கு, வீட்டையே ஓட்டிவரும் இவர்களிடம் பொருள் இல்லாமல் போயிற்று.