மின்சாரக் கணக்கில் சேரி



அண்ணல் அம்பேத்கரை நாம் அரசியல் சட்டத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். இந்திய மின்சாரத்தின் வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு என்பதை அதிகம் பேசியதில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மின்சாரமும் அத்துறையின் பொறுப்பில்தான் இருந்தது.

1943 அக்டோபர் 25 அன்று, போருக்குப் பிந்தைய மின் வளர்ச்சி பற்றிய கொள்கைக் குழுவில் அவர் பேசினார். மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடமா என்று கேட்டார். அது எதற்காக என்றும் கேட்டார். தொழில் வளர்ந்து மக்கள் வறுமையிலிருந்து மீள்வதற்காக என்பதே அவர் தந்த விடை. அதே ஆண்டு டிசம்பரில் தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளர்களின் நிலையை நேரில் பார்த்தார். 1944இல் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வந்தது.

1947இல் நாட்டின் நிறுவுதிறன் 1,362 மெகாவாட். 2025 மார்ச்சில் அது ஏறக்குறைய 4,75,000 மெகாவாட். சூரிய ஒளி, காற்று, நீர், அணு என்று வழிகள் பெருகியும், 2024இல் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. அந்த நிலக்கரிக்காக மண்ணை இழந்தவர்களில் ஆதிவாசிகளும் தலித்துகளும் ஏராளம்.

இவ்வளவு மின்சாரம் யார் வீட்டுக்குப் போனது? 1997 வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தத் தேவைக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்வசதி பெற்ற கிராமம். பண்ணையாரின் கிணற்றில் ஒரு பம்புசெட் ஓடினாலே கணக்கு முடிந்துவிடும். 1997இல், மக்கள் வாழும் பகுதியில் மின்சாரம் பயன்பட வேண்டும் என்று விதி மாறியது. அப்போதும் ஊர்த்தெருவில் எரிந்த விளக்கே சேரிக்கும் சேர்த்துக் கணக்காயிற்று. மின்கம்பி ஊரோடு நின்றுபோன கிராமங்களை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

2004இல்தான் விதியில் தலித் குடியிருப்பு என்ற சொல் ஏறியது. அங்கும் மின்கம்பியும் மின்மாற்றியும் வர வேண்டும், கிராமத்தில் 10 விழுக்காடு வீடுகளுக்காவது இணைப்பு வேண்டும் என்றது அது. அண்ணலின் உரைக்கும் அந்த ஒரு சொல்லுக்கும் இடையில் 61 ஆண்டுகள். அந்த விதியும் மீதி 90 விழுக்காடு வீடுகளைப் பற்றிப் பேசவில்லை. எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக 2018 ஏப்ரலில் அரசு அறிவித்ததும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் கிராமத்தில் முதல் மின்கம்பம் ஊருக்கு எந்த ஆண்டு வந்தது, சேரிக்கு எந்த ஆண்டு வந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளையும் எழுதி வையுங்கள். மெகாவாட் கணக்கில் இல்லாத நம் வரலாறு அந்த இடைவெளியில் இருக்கிறது.