கொற்கை முத்தும் செலவழுங்கலும்

பொருள் தேடிப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் முகம் வாடக் கண்டு பயணத்தை நிறுத்திக்கொள்வதைச் சங்க அகமரபு ‘செலவழுங்கல்’ என்று பெயரிட்டுத் தனித் துறையாகவே வகுத்து வைத்திருந்தது. செலவு என்பது பயணம், அழுங்கல் என்பது தவிர்தல். உழைத்தால் எவரும் உயரலாம் என்னும் ‘அமெரிக்கக் கனவு’ அப்பெயரால் பரவலாக அறியப்பட்டது 1931-இல் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் எழுதிய நூலால் என்றாலும், அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’, ஒருத்தியை அடைவதற்காகவே செல்வம் குவித்தவன் அந்தக் காதலாலேயே அழிந்த கதையைச் சொல்லிவிட்டது. தமிழ் அகப்பாடலில் சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது: அவள் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறாள், பொருள்தான் வெளியே கிடக்கிறது.

வெளியே கிடந்த அந்தப் பொருளில் தலையாயது முத்து; அதற்குப் பேர்போன துறை, தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் இருந்த பாண்டியரின் கொற்கை. ஆற்று வண்டலால் கடல் விலகிப்போக, துறையின் பெருமை முதலில் காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் கைமாறியது. கொற்கை இன்று கரையிலிருந்து உள்ளொதுங்கிய சிற்றூர். மதுரைக் கணக்காயனார் பாடிய அகநானூற்று 27-ஆம் பாடலில், தலைவன் பிரியப்போகிறான் என்று கேட்டுக் கலங்கும் தலைவியைத் தோழி செல்லமாகக் கடிந்து, கொற்கை முத்தை ஒத்த உன் பற்கள் தடுத்தும் அவர் நில்லாமல் போனாலும், உன் கண்கள் அவரை விட்டுவிடுமா என்று தேற்றுகிறாள். எதைத் தேடி ஒருவன் மூங்கில் காய்ந்த, புலி நடமாடும் காட்டைக் கடப்பானோ, அது அவள் சிரிப்பிலேயே இருக்கிறது என்பதுதான் உவமையின் குறும்பு. பொருளாசையைப் புலவர் குறிக்கும் சொல் ‘பொருட்பிணி’. பிணி என்பது கட்டு, நோய் ஆகிய இரண்டையும் குறிக்கும் ஆதலால், புறப்படுபவன் மேல் பாடலுக்கு அவ்வளவு மரியாதை இல்லை என்றே தோன்றுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 301 அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலனின் வீரத்தையும் விரித்துச் சொல்ல, அப்பட்டினமே கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்வது ஒருசில அடிகளே.

புலவர்கள் இவ்வளவு உருகினாலும் தொல்காப்பியர் ஏமாறவில்லை. செலவழுங்குதல் போகாமலே விட்டுவிடுதல் அன்று, தலைவியை ஆற்றுவிப்பதற்கான சிறு நிறுத்தமே என்று கற்பியலில் அவர் தெளிவாக விதித்துவிட்டார். அதாவது, தலைவன் எப்படியும் போவான். அவரே அகத்திணையியலில், முந்நீர் வழக்கம் மகளிரொடு இல்லை என்ற கருத்தையும் வைக்கிறார். முந்நீர் என்பதைக் கடல் என்று கொண்டால், பெண்ணைக் கரையில் விட்டே ஆண் கலம் ஏற வேண்டும் என்பதே இதன் பொருள். கொழும்புக்குத் தோணி ஓடிய தூத்துக்குடிக் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல உரையாசிரியர் தேவைப்பட்டிருக்காது.

பாடலில் பல்லாகிச் சிரித்த முத்தைக் கடலடியிலிருந்து எடுத்தவர்கள் அகத்திணையின் தலைவர்கள் அல்லர். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’, கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. பிற்காலத்தில் இத்தொழில் பெரிதும் பரவர்களின் கையில் இருந்தது. காலில் கல்லைக் கோத்து இறங்குபவன் மூச்சடக்கும் நேரத்துக்குள் சிப்பிகளைப் பையில் அள்ளிக் கயிற்றை அசைக்க, தோணியில் இருப்பவன் அவனை மேலே இழுப்பான். கயிறு பிடிப்பவன் குளிப்பவனின் மச்சானாக இருப்பதே வழக்கம் என்றும், உடன்பிறந்தவள் தாலியை நினைத்தாவது அவன் பிடியைத் தளர விடமாட்டான் என்றும் இக்கரையில் சொல்வதுண்டு. வருவாய்க்குச் செய்த ஏற்பாடுகளில் பாசத்தைக் காவலுக்கு வைத்த ஏற்பாடு இதைப்போல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. ஆங்கிலேயர் காலத்தில் குளிப்பவருக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. அரசின் பங்கு உடைக்கப்படாமலே ஏலம் போனதால், வாங்கியவருக்கு அது ஏறக்குறைய சூதாட்டம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் நடைபெறவில்லை.

முத்து போனாலும் அந்தப் பழைய இழுபறி கரையை விட்டுப் போகவில்லை. 1977-இல் வெளிவந்த வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலில், வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு வந்தால் பட்டணத்தில் வியாபாரம் பார்க்கலாம் என்று ஆசிரியரான மகன் செபஸ்தி வற்புறுத்துகிறான். வல்லம், அதாவது நாட்டுப்படகு, தகப்பன் குரூஸ் மிக்கேலுக்கு விலை பேசும் பொருளாகவே தெரியவில்லை. அகப்பாடலில் தலைவி நின்ற இடத்தில் வண்ணநிலவன் ஒரு படகை நிறுத்தினார். மகள் பிலோமி விரும்பிய சாமிதாஸ் வேறொருத்தியை மணந்துகொள்ள, இங்கே செலவு அழுங்கியது கிழவனுக்கு மட்டுந்தான். அவனைத் தடுத்ததோ முத்துப் பல் அன்று, உப்பேறிய பலகை.