காறல்மானின் உடை: கொச்சிக் கடற்கரையின் சவிட்டு நாடகம்

கேரளத்தில் சாவக்காடு முதல் கொல்லம் வரையுள்ள கடற்கரையில் லத்தீன் கத்தோலிக்கர் ஆடிவரும் இசைநாடகம் சவிட்டு நாடகம். வைப்பின் தீவு, அதன் வடக்கே கோதுருத்து, கொச்சிக் கோட்டை ஆகிய பகுதிகளில் அது வேரூன்றியது. பலகை மேடை அதிர மிதித்து ஆடுவதே அதன் உயிர். அதன் புகழ்பெற்ற நாடகமான, பேரரசர் சார்லமேனின் கதை சொல்லும் 'காறல்மான் சரிதம்' சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழ்ப் புலவர் இயற்றியது என்பது மரபு. பாட்டுகளில் தமிழே மிகுதி. சபீனா ராஃபியின் 1964ஆம் ஆண்டு நூல் இக்கலையின்பால் ஆய்வாளர் கவனத்தைத் திருப்பியது.

அரசருக்குச் சரிகையும் மணியும் தைத்த வெல்வெட் அங்கி, முதுகில் தொங்கும் போர்வை, முடி, செங்கோல். வீரருக்கு மார்புக் கவசம், தலைக்கவசம், வாள், முழங்காலளவு கால்சட்டை, நீண்ட காலுறை. இவற்றைப் போர்த்துக்கீசியர் உடையின் நகல் என்று சொல்லிவிடுவது எளிது, போதாது. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியப் படைவீரன் ரோமானியப் போர்வீரனைப்போல் உடுத்தவில்லை, மேடை வீரனோ பெரும்பாலும் அப்படித்தான் தோன்றுகிறான். 1663இல் கொச்சி போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போன பின்னும் அந்த உடைமரபு தொடர்ந்தது. ஆட்சியாளர்களைப் பார்த்துத் தைத்ததாயின் அது அவர்களோடு போயிருக்க வேண்டும்.

உடைக்கு அளவெடுத்தது கதைதான். 778இல் பிரனீஸ் மலைக் கணவாயில் சார்லமேனின் பின்படையைத் தாக்கியவர்கள் பாஸ்க்குகள். சில நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கதைப்பாடல்கள் அவர்களை இஸ்லாமியப் படையாக்கின. அங்கே மடிந்த ரோலாந்தைப் பேரரசரின் மருமகனாக்கி, பன்னிரு வீரர்களின் தலைவனாக நிறுத்தின. கொச்சிக் கரையில் அவன் ரோல்தான். அந்தப் பன்னிருவர் பாரிமார். எட்டாம் நூற்றாண்டு பிராங்கியர் எவரும் இந்த வெல்வெட்டை அறியார். மேடை உடுத்தியிருப்பது வரலாற்றை அன்று, பேரரசு என்ற கற்பனையை.

சீன இசைநாடகத்திலும் இதே நியதி. அதன் உடைமரபு பெரிதும் மிங் காலத்தை ஒட்டியது. கதை எந்த வம்சத்தினதாயினும் அதுவே பொருந்தும். தளபதியின் முதுகில் விரியும் நான்கு கொடிகள் எந்தப் போர்க்களத்துக்கும் போனவை அல்ல. மூன்றாம் நூற்றாண்டு வீரன் குவான் யூ பச்சை அங்கியும் சிவந்த முகமுமாக வந்தால் பார்வையாளருக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. உடை அங்கே காலத்தைக் காட்டுவதில்லை. தகுதியையும் குணத்தையும் காட்டுகிறது.

ஆனால் சவிட்டு நாடகத்தில் இன்னொரு காரணமும் உண்டு, ஆய்வுகள் அதிகம் தொடாதது: கால். கதகளியின் உப்பிய பாவாடையும் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பும் இடுப்புக்குக் கீழே உடலை மறைத்து, ஆளை அகலமாக்குகின்றன. இங்கே அது ஆகாது. மிதிதான் வீரத்தையும் சினத்தையும் சொல்கிறது. ஆகவே தொடையும் கெண்டைக்காலும் வரி தெரிய நிற்க வேண்டும். இறுகிய கால்சட்டையும் காலுறையும் ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கலாம். அவற்றை நிலைக்கச் செய்தது பலகை மேடையே.

முன்பு பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். இன்று பெண்களும் ஆடுகிறார்கள். பள்ளிக் கலைவிழா மேடையில், பல இரவுகள் நீண்ட கதை சில நிமிடங்களுக்குள் சுருங்குகிறது. பாட்டு அறிமுகம் செய்த பாத்திரத்தை அங்கே உடையே அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது.