ஆவடித் தீர்மானம்: சொல்லும் செயலும்

தோற்றுவாய்

சென்னையினின்று அரக்கோணம் நோக்கிப் புகைவண்டியிற் செல்வார் ஆவடி என்னும் நிலையத்தை நாடோறும் கடந்து செல்கின்றனர். அவ்வூரின் பெயர் நம் நாட்டு வரலாற்றில் நிலைபெற்றமைக்குக் காரணமான நிகழ்ச்சியை நினைவுகூர்வார் அவருள் ஒரு சிலரேயாவர். 1955-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தேபர் அவர்கள் தலைமையில், காங்கிரஸ் மகாசபையின் 60-ஆவது மாநாடு ஆண்டுக் கூடிற்று. சமதர்ம மாதிரியான சமுதாயத்தை நிறுவுதலே நாட்டின் பொருளாதாரத் திட்டங்களுக்குக் குறிக்கோள் என்று அம்மாநாடு தீர்மானித்தது. அக்கொள்கை ஒரு பெருங்கட்சியினுள் எங்ஙனம் புகுந்தது, எவ்வெச் சட்டங்களாக உருப்பெற்றது, எவ்விடத்துத் தேங்கி நின்றது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

கொள்கை புகுந்த வழி

1885-இல் தோன்றிய காங்கிரஸ், தொடக்கத்தில் வழக்கறிஞரும் செல்வரும் கூடி அரசினர்பால் விண்ணப்பம் செய்துகொண்ட சபையேயாம். ஏழைத் தொழிலாளன் கூலியைப் பற்றியோ, குத்தகைக் குடியானவன் வாரத்தைப் பற்றியோ ஆண்டுப் பேச்செழுதல் அரிதாயிருந்தது. 1922-இல் கயையிற் கூடிய மாநாட்டில், நம் சென்னையைச் சேர்ந்த சிங்காரவேலர் தொழிலாளர் பொருட்டு எழுந்து பேசியது அந்நாளிற் புதுமையாகவே கருதப்பட்டது.

1927-இல் ஐரோப்பாவிலும் மாஸ்கோ நகரிலும் சுற்றித் திரும்பிய ஜவஹர்லால் நேரு, 1929-இல் லாகூர் மாநாட்டுத் தலைமையுரையில் தாம் ஒரு சமதர்மவாதி என வெளிப்படையாகக் கூறினர். 1931-இல் பட்டேல் தலைமையிற் கூடிய கராச்சி மாநாடு, முக்கியமான கைத்தொழில்களும், கனிச் சுரங்கங்களும், இருப்புப் பாதைகளும், கப்பற் போக்குவரத்தும் அரசின் உடைமையாகவோ அதன் கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்றும், தொழிலாளர்க்கு வாழ்க்கைக்குப் போதிய கூலி வேண்டும் என்றும் தீர்மானித்தது. ஆவடிக்கு வித்து ஊன்றப்பட்டது கராச்சியிலேயே என்க.

வித்து ஊன்றியதும் முளைத்துவிடவில்லை. 1934-இல் ஜெயப்பிரகாச நாராயணரும் நரேந்திர தேவரும் பிறரும் மகாசபையினுள்ளேயே காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சியை அமைத்தனர். 1936-இல் நேரு லக்னோவிற் சமதர்மத்தைப் போற்றிப் பேசிய பின்னர், இராஜேந்திர பிரசாதர், பட்டேல், இராஜாஜி உள்ளிட்ட செயற்குழுவினர் எழுவர் பதவி விலகுவதாகக் கடிதம் எழுதினர். காந்தியடிகள் இடையிட்டு அப்பிணக்கைத் தணித்தனர். செல்வர் தம் பொருளை ஊரார்க்குரிய அறநிதியாகக் கருதிக் காத்தல் வேண்டும் என்னும் தருமகர்த்தா முறையே அடிகளின் கொள்கை. அரசு அப்பொருளைத் தன் கையிற் கொள்ளல் வேண்டும் என்பது சமதர்மவாதியரின் கொள்கை. இவ்விரண்டு நீரோட்டங்களும் ஒரே ஆற்றில் ஓடின. 1938-இல் சுபாஷ் சந்திர போஸ் தலைவராயிருந்தபொழுது நேருவைத் தலைவராகக் கொண்டு அமைக்கப்பட்ட தேசியத் திட்டக் குழுவே பின்னாளில் திட்டமிட்டு ஆளும் முறைக்கு அடிகோலிற்று.

ஆவடியிற் கூடிய காலம்

விடுதலைக்குப் பின்னர் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1948-இல் சமதர்மவாதியர் காங்கிரஸை விட்டு வெளியேறினர்; அவர்தம் கொள்கையோ உள்ளேயே தங்கிற்று. அவ்வாண்டு ஏப்பிரலில் வெளிவந்த கைத்தொழிற் கொள்கை, படைக்கலம், அணுவாற்றல், இருப்புப் பாதை ஆகியவற்றை அரசுக்கே உரியன ஆக்கியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, செல்வம் ஒரு சிலர்பால் தேங்குதல் ஆகாதென அரசுக்கு நெறி காட்டியது. அவ்வாண்டே திட்டக் கமிஷனும் தோன்றிற்று.

அற்றேல், 1955-இல் அச்சொல்லைத் தீர்மானமாக்க வேண்டிய தேவை யாது? ஒன்று, நேரு அவர்களின் உள்ளக் கிடக்கை. முந்திய திசம்பரிலேயே மக்களவை அக்குறிக்கோளை ஏற்றிருந்தது. மற்றொன்று, தேர்தல். ஆந்திர நாட்டில் 1955 பிப்ரவரியில் தேர்தல் நடைபெறவிருந்தது. பொதுவுடைமைக் கட்சியார் ஆண்டு வலிமை பெற்றிருந்தனர். சமதர்மம் என்னும் சொல்லைக் காங்கிரஸே மேற்கொண்டமையால், எதிர்க்கட்சியார் தமக்கேயுரியதென்று எண்ணிய கொடி அவர் கையினின்றும் நழுவியது. அத்தேர்தலிற் காங்கிரஸும் அதன் கூட்டாளிகளும் வெற்றி எய்தினர். ஒரு கட்சியின் கொள்கை அறிவினின்று மட்டும் பிறப்பதன்று. வாக்கினை எண்ணும் கணக்கினின்றும் பிறப்பதாம்.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி செய்தல் தகும். தீர்மானம் சமதர்மம் என்னாது, சமதர்ம மாதிரி என்றது. மாதிரி என்னும் சொல் நம் வழக்கில் இருபொருள் உடைத்து. தச்சன் மாதிரி செய்து காட்டினான் என்புழி, பின்னர்ச் செய்யப்படும் பொருளுக்கு வழிகாட்டியான உருவம் என்பது பொருள். அரசன் மாதிரி நடந்தான் என்புழி, அவன் அரசன் அல்லன் என்பதே பெறப்படும். அப்பந்தலின்கீழ் அமர்ந்திருந்தாருள் தொழிற்சங்கத்தார் முதற்பொருளைக் கொண்டனர். ஆலை முதலாளியும் மிராசுதாரும் இரண்டாம் பொருளைக் கொண்டு அமைதியுற்றனர். இருதிறத்தாரும் ஒருங்கே கை தூக்குதற்கு அச்சொல்லின் நெகிழ்ச்சியே துணையாயிற்று.

உடைமையும் உற்பத்தியும்

தீர்மானத்தின் பொருள் மூன்று உறுப்புக்களை உடையது: முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ ஆட்சிக்கு உட்பட்டோ இருத்தல், உற்பத்தி மேன்மேலும் பெருகுதல், நாட்டுச் செல்வம் நேர்மையாகப் பகிரப்படுதல்.

முதல் உறுப்பு விரைந்து நிறைவேறிற்று. 1955 ஜூலை முதல் நாள் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியாயிற்று. 1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் 245 அரசின் கைக்கு வந்து, செப்டம்பரில் ஒரே கார்ப்பொரேஷனாயின. அவ்வாண்டு ஏப்பிரல் 30-ஆம் நாள் வெளிவந்த கைத்தொழிற் கொள்கை 17 தொழில்களை அரசுக்கென ஒதுக்கியது. வேறு 12 தொழில்களில் அரசு படிப்படியாகப் புகும் என்றது.

இரண்டாம் உறுப்பின் பொருட்டு இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் எழுந்தது. அதன் கணக்கை வகுத்தவர் மகலனோபிஸ் என்னும் புள்ளிவிவரப் பேரறிஞர். துணி நெய்யும் ஆலையை மட்டும் பெருக்கினால் அவ்வாலைக்குரிய இயந்திரத்தின் பொருட்டு என்றும் அயல்நாட்டாரை எதிர்நோக்கி நிற்க வேண்டும். ஆதலின் இயந்திரத்தைச் செய்யும் இயந்திரத்தை முதற்கண் செய்க என்பது அவர்தம் கருத்து. பொதுத்துறைக்கு 4,800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பிலாயில் ருஷியர் துணையாலும், ரூர்கேலாவில் ஜெர்மானியர் துணையாலும், துர்க்காபூரில் ஆங்கிலேயர் துணையாலும் எஃகாலைகள் எழுந்தன. நம் நாட்டிலும் 1955-இற் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது.

இவற்றின் குறைகளையும் மறைத்தல் அறமன்று. திட்டம் தொடங்கிய ஓராண்டிற்குள் அயல்நாட்டு நாணயச் செலாவணி வற்றத் தொடங்கிற்று. ஒரு தொழிலைத் தொடங்குதற்கும் விரிவு செய்தற்கும் லைசென்ஸ் வேண்டியிருந்தமையால், சிறு முதலுடையார் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிக் காலங் கழித்தனர். பெரு முதலுடையாரோ தில்லியில் ஆள் வைத்து அவற்றைப் பெற்றனர். இதனையே இராஜாஜி ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்’ என்று எள்ளினர்.

பகிர்தல் என்னும் உறுப்பு

இனி மூன்றாம் உறுப்பைக் காண்போம். உழவுத் தொழிலே பெரிதாகிய இந்நாட்டிற் செல்வம் என்பது பெரும்பான்மையும் நிலமே. ஜமீன் ஒழிப்பு இனிது நிறைவேறியது. சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் செய்தது. ஜமீன்தார் சிலர், அவருட் பலர் ஆங்கிலேயர் நிழலில் வாழ்ந்தவர். அவர் இழந்ததைப் பெற்ற ரயத்துக்களோ பலர். காங்கிரஸுக்கு ஊர்தோறும் தூணாய் நின்றவர். ஆதலின் ஆண்டுக் கொள்கையும் கட்சி நலனும் ஒருவழிப்பட்டன.

அடுத்த படியில் அவ்வொற்றுமை முறிந்தது. 1959 ஜனவரியில் நாகபுரியிற் கூடிய மாநாடு நிலவுச்சவரம்பும் கூட்டுறவுப் பண்ணையும் வேண்டும் என்றது. இம்முறை நிலத்தை விடவேண்டியவர் அத்தூண்களே. சரண்சிங் அம்மாநாட்டிலேயே மறுத்துரைத்தனர். அவ்வாண்டே இராஜாஜியும் அவர் நண்பரும் சென்னையிற் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தனர். நிலம் பற்றிய சட்டம் இயற்றும் அதிகாரமோ மாகாணச் சபைகட்கு உரியது. அச்சபைகளில் அமர்ந்தவருள் நிலமுடையாரே மிகுதி. சென்னைச் சட்டசபை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என வரம்பு கட்டியது. ஆயின் தோட்டப் பயிர்க்கும் கரும்புக்கும் அறக்கட்டளைக்கும் பிறவற்றிற்கும் விலக்குகள் வகுக்கப்பட்டன. 1970-இல், தி.மு.க. ஆட்சியில், வரம்பு 15 ஏக்கராகக் குறைக்கப்பட்டது. அதற்குள் நிலம் பல பெயர்களிற் பிரிந்து போயிற்று.

இதனை யான் நூலிலிருந்து மட்டும் கூறவில்லை. எம் இல்லத்துப் பழைய பெட்டியில் 1959-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பாகப்பத்திரம் ஒன்று உளது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் உண்டு வாழ்ந்த குடும்பம், பத்திரத்தில் மட்டும் ஏழாகப் பிரிந்திருக்கின்றது. தொட்டிலிற் கிடந்த குழந்தைக்கும் நன்செய் உண்டு. அந்நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்த பண்ணையாளின் பெயர் அதன்கண் ஓரிடத்தும் இல்லை. அவர்தம் பெயரன் இன்று என் வகுப்பில் மாணாக்கன். அப்பத்திரத்தை எழுதிய எம் பாட்டனார் கதர் உடுத்தவர். ஆவடிப் பந்தலிலும் அமர்ந்திருந்தவர். அவரைப் பழித்தற்கு இதனை எழுதினேன் அல்லேன். நம் சங்கத்து அன்பர் இல்லங்களிலும் இத்தகைய பத்திரங்கள் இருத்தல் கூடும், எடுத்துப் பார்ப்பாராக.

ஆவடிக்குப் பின்

1964-இல் காமராசர் தலைமையிற் கூடிய புவனேசுவர மாநாடு, ‘மாதிரி’ என்பதை விடுத்து, சனநாயக சமதர்மம் என்றே குறிக்கோளைக் கூறியது. 1969 ஜூலை 19-ஆம் நாள் இந்திரா காந்தி 14 பெரு வங்கிகளை அரசுடைமையாக்கினர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டே கட்சி இரண்டாகப் பிளந்தது. 1969-இல் 8,000-க்குச் சற்று மேற்பட்டிருந்த வங்கிக் கிளைகள் 1990-இல் ஏறத்தாழ 60,000 ஆயின; வட்டிக்கடையன்றி வேறு வழியறியாத ஊர்கள் பலவற்றிற் கடன் பெறும் வாயில் திறந்தது. 1976-இல் சமதர்மம் என்னும் சொல் அரசியலமைப்பின் முகவுரையிலும் ஏறிற்று.

1991-இல் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்னும் நிலை எய்தியபொழுது, அதே காங்கிரஸ் ஆட்சி பாதையை மாற்றியது. 17 தொழில்களாயிருந்த ஒதுக்கீடு 8 ஆகக் குறைந்தது. லைசென்ஸ் முறை பெரும்பாலும் நீங்கியது. ஆயினும் 2005-இல் அக்கட்சி தலைமை தாங்கிய ஆட்சியே ஊர்ப்புறக் குடும்பத்திற்கு ஆண்டில் 100 நாள் வேலை என்னும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2015-இல், வேறொரு கட்சியின் ஆட்சியில், திட்டக் கமிஷனும் மறைந்தது. முகவுரையிலுள்ள சொல்லோ நிற்கின்றது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதனை நீக்க மறுத்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றாற் பெறப்படுவது யாது? சமதர்மக் கருத்து அக்கட்சியில் வெறும் அணியாக நின்றதன்று. வங்கியும் எஃகாலையும் இன்ஷூரன்ஸும் அதன் மெய்யான பயன்கள். ஆயின் சுமை எங்கோ உள்ள சிலர் தலைமேல் விழுந்துழி அது சட்டமாயிற்று. கட்சியின் சொந்தத் தூண்கள்மேல் விழுந்துழித் தீர்மானமாகவே நின்றது. பொருளை இயற்றலும் ஈட்டலும் காத்தலும் கூறிய வள்ளுவர், வகுத்தலை இறுதியில் வைத்தனர். அதுவே நான்கனுள்ளும் அரிது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

ஆதலின், எந்தக் கட்சியேனும் சமத்துவம் பேசுங்கால், அன்பர்கள் தீர்மானத்தைப் படித்த அளவில் அமையாது, அதன்பின் வரும் சட்டத்தின் விலக்குகளையும் படிப்பாராக. அவ்விலக்குகளுள் நம் பெயரும் உளதோ என்று தேடிப் பார்த்தல் அதனினும் நன்று.